கழல மறுக்கும் போல்ட்: ஆம்னிக்கு அடியில் படுத்துக் கற்ற வைத்தியம்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில் எங்கள் ஊர். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தாலும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்ட நாளாகும். அதற்குள் என் மாருதி ஆம்னி வேனுக்குக் கிளட்ச் பிளேட்டையும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் (எஞ்சின் விசையைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டின்) கிராஸ் என்ற மூட்டையும் மாற்றிவிடலாம் என்று மே மாதக் கடைசியில் கணக்குப் போட்டேன். விதை நெல்லும் உர மூட்டையும் நடவு ஆட்களுக்குச் சாப்பாடும் அந்த வண்டியில்தான் போயாக வேண்டும். இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன். பதினொரு நாள் ஆயிற்று. கிளட்ச் பிளேட்டை மாற்ற ஆன நேரம் நாற்பது நிமிடம். மிச்சமெல்லாம் போல்ட்டுகள் தின்றவை.

வண்டி வேதாரண்யத்தில் வாங்கியது. உப்பளத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையைக் கடந்த இரவு முழுக்கச் சக்கரம் முங்கத் தண்ணீரில் நின்றதாக விற்றவரே ஒளிக்காமல் சொன்னார். விலையும் அதற்கேற்றபடி இருந்தது. ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது, கியர்பாக்ஸ் அதற்குப் பின்னால், அங்கிருந்து நீண்ட ஷாஃப்ட் பின் ஆக்சிலுக்குப் போகிறது. ஆகவே இந்த வரிசையில் உள்ள போல்ட்டுகள் பெரும்பாலும் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்து, உப்புத் தண்ணீரையும் சேற்றையும் நேராக வாங்கிக்கொள்கின்றன.

எந்த இடத்துப் போல்ட்டாக இருந்தாலும் அது மறுக்கும் விதங்கள் ஆறேழுதான். விதம் தெரியாமல் கை வைத்தால் எளிய நோய் கடிய நோயாகிவிடும். என் வண்டியில் துரு மட்டுமே பாழாக்கியவை இரண்டு போல்ட்டுகள். என் அவசரம் பாழாக்கியவை ஐந்து. எனவே கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் போல்ட் என்ன செய்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் படியுங்கள்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. செங்கல் அடுக்கி நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். செங்கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்ட்தான் வேண்டும், அதன் காலுக்கடியில் தடித்த பலகையும் வேண்டும். நம் வண்டல் மண் மேலே காய்ந்தாற்போல் தெரியும், பாரம் ஏறியதும் ஒரு பக்கமாக உள்வாங்கும். இறுகிய போல்ட்டை இழுக்கும்போது வண்டியையே ஆட்டுகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது, சுரண்டுதல். களிமண் கோடையில் காய்ந்தால் சுட்ட ஓடு போல் ஆகிவிடுகிறது. போல்ட் தலையைச் சுற்றி அது ஒட்டியிருந்தால் ஸ்பேனர் முழு ஆழம் இறங்காது. தலையின் மேல்பாதியை மட்டும் கவ்வும், வழுக்கும். பழைய ஸ்க்ரூடிரைவரும் கம்பி பிரஷ்ஷும் போதும். நட்டுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் மரையை மட்டும் பளபளக்கும் வரை தேயுங்கள். நட் அந்த வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அங்கே துருவை விட்டுவைத்தால் பாதி வழியில் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

பிறகு ஊறவைத்தல். எங்கள் ஊரில் டீசலும் மண்ணெண்ணெயும்தான் சர்வரோக நிவாரணி. ஒன்றுமில்லாததற்கு அவை மேல். துரு இளக்குவதற்கென்றே கடையில் விற்கும் திரவம் அவற்றைவிட நன்றாக மரைக்குள் இறங்குகிறது. அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் சம அளவில் கலந்து அடிப்பவர்கள் உண்டு. நானும் அடித்தேன், பயன் தெரிந்தது. ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பெயிண்ட்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். எதை ஊற்றினாலும் ஊற்றிவிட்டு உடனே இழுப்பதில் பொருளில்லை. மாலையில் ஒரு முறை, படுக்கப் போகுமுன் ஒரு முறை, விடிந்ததும் ஒரு முறை; ஒவ்வொரு முறையும் தலையில் சுத்தியலால் நாலு தட்டு. தட்டும்போது உண்டாகும் மயிரிழை இடைவெளிக்குள்தான் எண்ணெய் போகிறது.

கடைசியாகத் திசை. சிரிக்க வேண்டாம். மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேல் நீட்டி, போல்ட்டைப் பின்புறமிருந்து பிடித்திருக்கும்போது இடம் வலமாகத் தெரியும். அரை மணி நேரம் நான் ஒரு போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக மனத்தில் வைத்துக்கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்ப வேண்டும். சைக்கிளின் இடது பெடல் போல் இடமரை உள்ள இடங்களும் வண்டியில் உண்டு. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் ஒரு பக்கம் அப்படித்தான்.

“ஸ்பேனர் வழுக்குகிறது, ஆனால் மூலைகள் இன்னும் இருக்கின்றன”

உடனே நிறுத்துங்கள். இந்தக் கட்டத்தில் நிறுத்தியவனுக்கு அரை மணி நேர வேலை. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தவனுக்கு ஒரு நாள்.

முதல் சந்தேகம் அளவின் மீது. ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் 8 மி.மீ. தண்டுள்ள போல்ட்டுக்குத் தலையின் அகலம் 12 மி.மீ., 10 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 14. கடைத்தெருவில் வாங்கும் சாதாரண 8 மி.மீ. போல்ட்டுக்கோ தலை 13, 10 மி.மீ.க்கு 16 அல்லது 17. என் ஷாஃப்ட்டின் பின் ஃபிளாஞ்சில் (ஆக்சிலோடு போல்ட் போட்டு இணைக்கும் தட்டில்) மூன்று போல்ட்டுக்கு 12 தலை, ஒன்றுக்கு 13. யாரோ ஒருவர் எப்போதோ தொலைந்துபோன ஒன்றுக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார். முதலில் அகப்பட்டது அந்த ஒன்றுதான். 13 பொருந்தியதும் மற்ற மூன்றுக்கும் அதே ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். அழுக்கில் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு தலைகள் அங்கேயே மூலை மழுங்கின.

அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். அதன் பழைய பாகங்கள் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ.; 13 ஸ்பேனர் பொருந்துவது போல் நடித்துக் கழுத்தறுக்கும். 9/16 அங்குலம் 14.29 மி.மீ.; 14 நுழையாது, 15 ஆடும். முக்கால் அங்குலம் மட்டும் 19.05 என்பதால் 19க்குப் பெரும்பாலும் சரிப்படும். பின்னாளில் வந்த இசுசு எஞ்சின் வண்டியாக இருந்தால் எஞ்சினில் மி.மீ., மற்ற இடங்களில் அங்குலம் என்று கலந்து கிடக்கும். ஒவ்வொரு தலைக்கும் தனியாக அளந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இரண்டாவது சந்தேகம் ஸ்பேனரின் மீது. திறந்த வாய் ஸ்பேனர் தலையின் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கிறது. விசை ஏறும்போது வாய் விரிகிறது. ரிங் ஸ்பேனர் மேல். அதிலும், சாக்கெட்டிலும், பன்னிரண்டு முனை உள்ளவை மூலைகளை மட்டுமே தொடும். ஆறு முனை உள்ளது தலையின் தட்டையான பக்கங்களை அழுத்தும். பெட்டியில் வேறு எது இல்லாவிட்டாலும் 10, 12, 14, 17 ஆகிய நான்கு அளவில் ஆறு முனை சாக்கெட் இருக்கட்டும். மாட்டியபின் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி அடிவரை உட்காரவையுங்கள். சில போல்ட்டுகள் இந்த மாற்றத்துக்கே வந்துவிடும்.

“தலை உருண்டுவிட்டது, எதுவும் பிடிக்கவில்லை”

இங்கே நான் முயன்ற வரிசையையே சொல்கிறேன், எது முதலில் என்பதற்குக் காரணம் உண்டு: முன்னது தோற்றாலும் பின்னதற்கு இடம் இருக்க வேண்டும்.

ஒரு அளவு சிறிய சாக்கெட்டை அடித்து ஏற்றுவது முதல் வழி. உருண்ட 12 தலைக்கு 11 சாக்கெட் சில நேரம் ஏறாது. சித்தப்பா அம்பாசடர் வைத்திருந்த காலத்துப் பெட்டியில் 7/16 அங்குல சாக்கெட் கிடந்தது, அது 11.1 மி.மீ. கனமான சுத்தியலால் நாலு அடி, கச்சிதமாக உட்கார்ந்தது. மழுங்கிய இரண்டு தலைகளில் ஒன்று இப்படி வந்தது. சாக்கெட்டுக்குள் மாட்டிக்கொண்ட போல்ட்டைப் பின்புறமிருந்து பஞ்ச் வைத்துத் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. விலையுயர்ந்த சாக்கெட்டை இதற்குப் பலி கொடுக்காதீர்கள்.

சுற்றிலும் இடம் இருந்தால் அரத்தால் எதிரெதிராக இரண்டு பக்கம் தட்டையாக ராவி, கச்சிதமான ஸ்பேனர் மாட்டலாம். வைஸ் கிரிப் எனப்படும் பூட்டும் இடுக்கியைப் பற்றி ஒரு வார்த்தை: அதன் பல் ஒரு முறை வழுக்கினால் தலையைச் சீவிவிடும். இரண்டாம் முறை வழுக்கினால் அதைக் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்தது உளி. தலையின் விளிம்பில் செங்குத்தாக ஒரு வெட்டு; பின் அந்த வெட்டிலேயே உளியைச் சாய்த்து, கழலும் திசையில் அடி. பட்டறைக் கிழவர்கள் இதை அழகாகச் செய்வார்கள். அடியின் அதிர்ச்சியும் திருப்பு விசையும் சேர்ந்து வருவதால், ஸ்பேனருக்கு அசையாதது இதற்கு அசைவதுண்டு.

அதற்கும் அசையாவிட்டால் தலை மேல் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டைக்குள் ஆர்க் வெல்டிங் நிரப்புவது. புதுத் தலை கிடைப்பதோடு, சூடு போல்ட்டின் வழியாகவே மரைக்குப் போய்த் துருவையும் நொறுக்கிவிடுகிறது. எனக்குத் தெரிந்த முறைகளில் அதிகம் கைகொடுத்தது இதுதான். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இன்னொரு எச்சரிக்கை, இதை வெறும் சடங்காக எழுதவில்லை: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் உண்டாகும். முதலாம் உலகப் போரில் ஆயுதமாக வீசிய நச்சு வாயு அது. அதை அடித்த இடத்தில் பற்றவைக்கவே வேண்டாம்.

தலையும் நட்டும் தனித்தனியாக இருக்கும் ஃபிளாஞ்ச் போன்ற இடங்களில் இவ்வளவு பாடு தேவையில்லை. போல்ட் எப்படியும் புதிதாகத்தான் போடப்போகிறீர்கள். நட்டை உளியால் பிளங்கள், அல்லது கிரைண்டரால் தலையைச் சீவுங்கள். தலை போன மறுகணம் போல்ட்டின் இழுவிசை போய்விடுகிறது. அவ்வளவு நேரம் மலை போல் நின்றது கையாலேயே தள்ள வந்துவிடும். இரண்டாவது மழுங்கிய தலையை இப்படித்தான் முடித்தேன். இரண்டு மணி நேரம் போராடியபின் இரண்டு நிமிடத்தில் முடிந்தது என்பது சற்றே அவமானம்.

அலன் சாவி போடும் குழித் தலை உருண்டிருந்தால், அதைவிடச் சற்றே பெரிய நட்சத்திர முனை பிட்டை அடித்து ஏற்றினால் பெரும்பாலும் கழலும்.

“தலை நன்றாக இருக்கிறது. போல்ட் கல்லாக நிற்கிறது”

தலை கெடாத வரை நேரம் உங்கள் பக்கம் இருக்கிறது. நீளமான பைப்பைத் தேடி ஓடாதீர்கள். எது பிடித்திருக்கிறது என்று முதலில் நிறத்தைப் பாருங்கள்: பழுப்பென்றால் துரு, அலுமினிய உடலும் வெள்ளைப் பொடியும் என்றால் உப்பின் வேலை, மரை ஓரத்தில் சிவப்பாகவோ நீலமாகவோ காய்ந்த பசை என்றால் யாரோ மரைப்பசை (மரை தானாகக் கழலாமல் ஒட்டிவைக்கும் பசை) போட்டிருக்கிறார்கள்.

துரு. இரும்பு துருவாகும்போது பழைய இடத்தைப்போல் பல மடங்கு இடம் கேட்கிறது. மரைக்கும் மரைக்கும் நடுவே அந்த இடம் இல்லாததால் ஆப்பு அடித்தாற்போல் இறுகுகிறது. இறுகியதை நிதானமாக இழுப்பதைவிட அதிர்வால் நொறுக்குவது நல்லது. தலையின் நடுவில் கனமான பஞ்ச் வைத்து நேராக ஓங்கி அடியுங்கள். பிறகு கழற்றும் திசையில் அல்ல, இறுக்கும் திசையில் ஒரு சிறு அசைவு கொடுங்கள். ஒரு நூலளவு நகர்ந்தாலும் துருவின் பிடி உடைந்தது என்று பொருள். அதன்பின் எதிர்த்திசையில் வரும். மின்சார இம்பாக்ட் ரெஞ்ச் உள்ளவர்கள் குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம் அதிரவிட்டாலும் இதே பலன்.

அப்படியும் வராவிட்டால் சூடு. நட் இருந்தால் நட்டைச் சூடாக்க வேண்டும், போல்ட்டை அல்ல. வெளியே இருப்பது விரிந்தால்தான் இடைவெளி வரும். எங்கள் ஊர் பட்டறை அண்ணன் கேஸ் வெல்டிங் முனையோடு வந்தவர் முதலில் வண்டியைப் பார்க்கவில்லை, களத்து வைக்கோல்போரைப் பார்த்தார். “தம்பி, இங்கே தீ வைத்தால் போல்ட் கழலும், வைக்கோலும் கழலும். வண்டியை ரோட்டுப் பக்கம் தள்ளுங்கள்” என்றார். தள்ளினோம். ஆம்னியில் கேஸ் பொருத்திய வண்டிகளும் உண்டு. சிலிண்டரும் குழாயும் உள்ள பக்கம் தீயை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. பெட்ரோல் குழாய் போகும் தடத்தையும் பார்த்துவையுங்கள். ரப்பர் ஆயில் சீல் பக்கத்தில் சூடு காட்டினால் அந்தச் சீல் போயிற்று என்று கொண்டு புதியது வாங்கிவையுங்கள்.

அவரிடம் கற்றது மெழுகு. நட் மங்கலாகச் சிவந்ததும் தீயை எடுத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து, மெழுகுவத்தியை மரையின் ஓரத்தில் வைத்தார். மெழுகு உருகி, திரியில் எண்ணெய் ஏறுவது போல் மரைக்குள் தானாக இழுக்கப்பட்டது. ஸ்பேனரை வைத்தார், சின்ன முனகலோடு நட் திரும்பியது. சிவப்பாக இருக்கும்போதே மெழுகு வைத்தால் பற்றி எரியும், உள்ளே போகாது. சுவாமிமலையில் விக்கிரகம் வார்ப்பவர்கள் அச்சுக்குள்ளிருந்து மெழுகை உருக்கி வெளியேற்றுகிறார்கள். இங்கே உருக்கி உள்ளே அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

அலுமினியம். கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) அலுமினியம், போல்ட் எஃகு. இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் சின்ன பேட்டரி போலத்தான். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரையை அடைத்துவிடும். கடலோர வண்டிகளில் இதுதான் பெரிய பகை. ஆனால் ஒரு சௌகரியம் இருக்கிறது. சூட்டுக்கு அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிகிறது. எனவே ஹவுசிங்கைச் சுற்றிலும் மிதமாகச் சூடாக்கினால் ஓட்டை போல்ட்டைவிட அதிகம் அகலும். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று துள்ள வேண்டும், அந்தச் சூடு போதும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதுவும் இரும்பு போல் சிவந்து எச்சரிக்காமல். கட்டிங் முனையை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சுத்தியலும் இங்கே இளகிய கையோடு. வார்ப்புக் காது உடைந்தால் ஹவுசிங்கே போயிற்று.

மரைப்பசை. எண்ணெய் எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை. நீலப் பசை ஸ்பேனருக்கே விட்டுக்கொடுக்கும். சிவப்புக்கு 250 டிகிரி அளவில் சூடு வேண்டும், சூடாக இருக்கும்போதே திருப்ப வேண்டும். ஆறவிட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். அலுமினியத்துக்குள் உள்ள சிறிய போல்ட்டாக இருந்தால் பெரிய சால்டரிங் அயனைத் தலையில் அழுத்திவைத்துச் சூடேற்றினேன், ஹவுசிங்குக்குச் சேதமில்லை.

ஷாஃப்ட் போல்ட்டைத் திருப்பும்போது ஷாஃப்ட்டே சேர்ந்து சுற்றினால் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். ஃபிளைவீல் (எஞ்சின் முனையில் கிளட்ச் உட்காரும் கனத்த சக்கரம்) சுற்றினால் அதன் பல்சக்கரத்தில் தடை வைக்க வேண்டும்.

“அசைகிறது, ஆனால் ரப்பர் போல் இழுபடுகிறது”

இந்த உணர்வைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். கழலப்போகும் போல்ட் “டக்” என்று சட்டென விடும். முறியப்போகும் போல்ட் சத்தமில்லாமல் மெத்தென்று வரும். ஸ்பேனர் கால் சுற்று போய்விடும், விட்டால் சற்றே திரும்பும். தலை திரும்புகிறது, மரை திரும்பவில்லை. நடுவில் தண்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது. பெல் ஹவுசிங்கின் கீழ்ப் போல்ட்டில் இதை உணர்ந்தேன். “வருகிறது, வருகிறது” என்று மகிழ்ந்தபோது முறிந்தது.

உணர்ந்தவுடன் பழைய இடத்துக்குத் திருப்பிக்கொடுங்கள். எண்ணெய், தட்டு, சூடு எல்லாவற்றையும் மறுபடி தொடக்கத்திலிருந்து. உண்மையாகவே மரை நகரத் தொடங்கியபின் கிறீச்சிட்டால் அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே, ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி. மரைக்குள் உள்ள துருப்பொடி ஒரே மூச்சில் இழுத்தால் உருண்டு அடைத்துக்கொள்ளும்.

“சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வரவில்லை”

மறுபக்கம் நட் சேர்ந்து சுற்றுகிறதா என்று பாருங்கள். சேசிஸ் பெட்டிக்குள் பற்றவைத்த நட்டாக இருந்தால் பற்று விட்டிருக்கும். கியர்பாக்ஸ் தாங்கியில் எனக்கு அதுவே நடந்தது. உள்ளே ஸ்பேனர் போகாது. தலைக்கடியில் ஸ்க்ரூடிரைவரை நெம்பி, நட் சுவரோடு உராயும்படி இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பினால் சில நேரம் வரும். வராவிட்டால் தலையைச் சீவிவிட்டு, பக்கத்தில் கைவிரல் நுழையும் அளவு ஓட்டை போட்டுப் புது நட்டை உள்ளே வைத்துப் பற்றவைக்க வேண்டியதுதான். அந்த ஓட்டைக்கு மறக்காமல் பெயிண்ட்.

மரையே வழித்துக்கொண்டு போயிருந்தாலும் இதே நெம்புதல் வேலை செய்யும். மிச்சமிருக்கும் நல்ல மரையைப் பிடித்துக்கொள்ளும் வரை இழுத்தபடியே திருப்புங்கள்.

ரப்பர் புஷ்ஷுக்குள் போகும் நீண்ட போல்ட் வேறு கதை. போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழலோடு ஒன்றாகிவிடும், திருப்பினால் ரப்பர் முறுகித் திரும்பிவரும். அதோடு மல்லுக்கட்டாதீர்கள். ஹேக்ஸா பிளேடால் இரு பக்கமும் அறுத்துவிட்டுப் புஷ்ஷையும் சேர்த்து மாற்றுங்கள்.

“முறிந்துவிட்டது”

ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். உண்மையாகவே சொல்கிறேன். முறிந்த ஐந்தாவது நிமிடத்தில் கோபத்தோடு டிரில்லை எடுத்தவன் நான்.

தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். இரண்டு நட்டை ஒன்றன்மேல் ஒன்று இறுக்கி உள் நட்டைத் திருப்பலாம், அல்லது நட்டைப் பற்றவைக்கலாம். போல்ட் பிடித்திருந்த பாகத்தை இறக்கிய பின் தண்டின் இழுவிசை இல்லாததால் முன்பைவிடச் சுலபமாக வரும்.

மட்டத்தோடு முறிந்திருந்தால் எல்லாம் நடுப்புள்ளியில் இருக்கிறது. முறிந்த முகத்தை முடிந்தவரை தட்டையாக்கி, சென்டர் பஞ்ச்சால் சரியான நடுவில் குறி வையுங்கள். சற்றே விலகினால் பஞ்ச்சைச் சாய்த்து அடித்துக் குறியை நகர்த்தலாம். டிரில் இறங்கியபின் நகர்த்த முடியாது. டிரில் பிட் பக்கத்து மென்மையான அலுமினியத்துக்குத்தான் ஓடப் பார்க்கும். சிறிய பிட்டில் தொடங்கி, குறைந்த வேகத்தில், எண்ணெய் விட்டு. இடப்புறம் சுற்றும் டிரில் பிட் கிடைத்தால் கட்டாயம் வாங்குங்கள்: துளைக்கும்போதே கழலும் திசையில் இழுக்கும், பல நேரம் துண்டு பிட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும்.

அடுத்து எல்லாரும் எடுப்பது ஈஸி அவுட், முறிந்த தண்டின் துளைக்குள் மாட்டித் திருப்பி எடுக்கும் கருவி. பெயரை வைத்தவர் அதைப் பயன்படுத்தியிருக்க மாட்டார். முழுத் தண்டையும் முறித்த பிடியை, அந்தத் தண்டின் ஓட்டைக்குள் நுழையும் மெல்லிய துண்டு எப்படித் தாங்கும்? துரு பிடித்து முறிந்ததற்கு அது ஏற்றதல்ல. மிகை இறுக்கத்தால் முறிந்ததற்கு மட்டும் சரி. கடினப்படுத்திய எஃகு அது. உள்ளே ஒடிந்துவிட்டால் சாதாரண டிரில் அதன்மேல் வழுக்கும். நான் ஒடித்தேன். லேத் பட்டறைக்கு ஹவுசிங்கைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனபோது அவர் முகத்தைப் பார்த்தே புரிந்தது. “போல்ட்டாக வந்திருந்தால் பத்து நிமிடம். இப்போது கார்பைடு பிட் தேவை” என்றார். கார்பைடும் போதாவிட்டால் மின்பொறியால் அரித்தெடுக்கும் இயந்திரம் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

சரியான வழி: நடுவில் துளைத்துப் படிப்படியாகப் பெரிதாக்கி, மரையின் வேர் தெரியும் அளவுக்கு வந்ததும் நிறுத்தி, மிஞ்சிய சுருளைக் கூரிய பஞ்ச்சால் உள்பக்கம் மடித்து எடுப்பது. பிறகு டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டுவது. 8 மி.மீ. போல்ட்டின் 1.25 மரைக்கு (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையே 1.25 மி.மீ.) துளை 6.8 மி.மீ.; 10 மி.மீ. போல்ட்டில் 1.25 மரை என்றால் 8.8, 1.5 மரை என்றால் 8.5. ஜப்பானிய வழி வண்டிகளில் 10 மி.மீ.க்கு 1.25 தான் அதிகம். கடையில் சாதாரணமாகக் கொடுப்பது 1.5. அதை அழுத்தித் திருப்பினால் நாலு சுற்றுப் போகும், பிறகு மரையைத் தின்றுவிடும். மரை தேறாதென்றால் ஹெலிகாயில் போடுங்கள். எஃகுச் சுருள் என்பதால் பழைய அலுமினிய மரையைவிடவே உறுதி.

“எல்லாம் கழற்றியாயிற்று, கியர்பாக்ஸ் இறங்கவில்லை”

எண்ணிப் பாருங்கள். கழற்றிய போல்ட்டுகளை ஓட்டைகளின் வரிசையில் ஓர் அட்டையில் குத்திவைத்தால் எண்ணுவது எளிது. பெரும்பாலும் மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒன்று மிச்சமிருக்கும்; கைவிரலால் விளிம்பு முழுக்கத் தடவினால் அகப்படும். நீளமான எக்ஸ்டென்ஷனும் வளையும் மூட்டும் இருந்தால் அதைப் பின்னாலிருந்தே எட்டலாம்.

ஒன்றும் மிச்சமில்லை என்றால், இடம் பிசகாமல் இருக்க வைத்த பின்கள் துருப்பிடித்து நிற்கின்றன. பின்களின் பக்கம் எண்ணெய் அடித்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக நெம்புங்கள். ஒரே பக்கம் நெம்பினால் கோணி இன்னும் இறுகும். அலுமினிய முகத்தில் உளி வைத்து அடித்தால் அந்தத் தழும்பு நிரந்தரம். கியர்பாக்ஸ் விடும்போது சொல்லிக்கொண்டு விடாது. அடியில் ஜாக்கி முட்டுக் கொடுத்திருங்கள், நெஞ்சு அங்கே இருக்க வேண்டாம்.

திரும்பப் பூட்டும்போது

தலையில் 8.8 என்று (போல்ட்டின் பலத்தைக் குறிக்கும் எண்) இருந்த இடத்தில் 8.8 தான். பளபளக்கிறதே என்று ஸ்டெயின்லெஸ் போடாதீர்கள்; பலமும் குறைவு, அலுமினியத்தோடு அரிப்பும் கூடும். எல்லா மரையையும் கம்பி பிரஷ்ஷால் துடைத்து, முதல் மூன்று நாலு சுற்றுக் கையால். கை மறுத்தால் மரை கோணியிருக்கிறது.

துரு தடுக்கும் கிராஃபைட் பசையோ செம்புப் பசையோ மெல்லியதாகப் பூசினேன். பூசிய மரை வழுக்கும் என்பதால் அதே டார்க் (திருப்பு விசை) அளவுக்கு போல்ட் அதிகம் இழுபடும். புத்தகத்தில் உள்ள அளவு உலர்ந்த மரைக்கு என்றால் அதிலிருந்து நாலில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளலாம். ஃபிளைவீல் போல்ட்டுக்கும் புத்தகத்தில் மரைப்பசை குறித்திருக்கும் இடங்களுக்கும் மட்டும் இதைப் பூசக் கூடாது, அங்கே மரைப்பசைதான்.

சைலன்சர் குழாயின் ஸ்டட்டுகளுக்கு இரும்பு நட்டை விட்டுவிட்டுப் பித்தளை நட் போட்டேன். பித்தளை துருப்பிடித்து ஒட்டாது. மரை 1.25 என்று சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். கும்பகோணத்தில் இரண்டு கடை ஏறியிறங்கி, மூன்றாவதில் கிடைத்தது.